செம்புத் தண்ணியும் ஒன்றரைக் கட்டமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், ரெண்டு வரி எழுதுவேன், மூடி சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஏலக்காய் ஸ்டோரில் தீப் போட்டுப் பிழைத்தவன். இருதயத்தைப் பற்றி நான் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. இதே விஷயத்தை முன்பு ஒரு தடவை வாயால் சொன்னேன். பாதிதான் சொன்னேன். அந்தப் பாதியால் ஒரு மனிதருக்கு வலது கை விளங்காமல் போனது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இந்தத் தை மாதம் என் வீட்டுக்காரியே நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "முழுசா எழுதிருங்க. எம் பேரு மட்டும் போட வேணாம்" என்றாள். அதனால் யார் பெயரும் போடவில்லை. அம்மன் துணை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், இருந்தோம். சொந்த ஊர் ராசிங்காபுரம். எனக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயைப் பரப்பி, அடியில் குழாய் வழியாகச் சூடு கொடுத்துக் காய வைக்கிற கட்டடம். தீ கூடினால் காய் வெளுக்கும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். சூடு பார்க்கவும் நேரம் பார்க்கவும் என் கையில் ஒரு கடிகாரம் உண்டு. என் வீட்டுக்காரி காய் எடுக்கப் போவாள். எங்களோடு என் அக்காவும் இருந்தாள். சின்ன வயதில் தாலி இழந்தவள், என்னை வளர்த்தவள். தோட்டத்து ஓடைக்கரையில் கல்லாக நிற்கிற அம்மனுக்கு தினமும் விளக்குப் போடுவது அவள்தான்.

அந்த ஆவணியில் ஒரு நாள் காலை, ஏலச்செடித் தட்டைக்குக் கீழே குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவுடனே நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாளாம். கை நடுங்கியது. முகம் வேர்த்தது. கழுத்து நரம்பு துள்ளுவது பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கண்ணாலேயே தெரிந்தது. எங்களில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். அம்மன் வந்திருக்கிறாள். ஒரு பெண் ஸ்டோருக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போவதற்குள் அக்கா அங்கே வந்து நின்றாள்.

"தம்பி, தள்ளி நில்லு. ஆத்தா வந்துருக்கா" என்றாள் அக்கா. ஓடையில் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, மஞ்சளைக் கரைத்து, வேப்பிலை போட்டு, என் வீட்டுக்காரி முகத்தில் ஓங்கி அடித்தாள். எங்கள் ஓடைத் தண்ணீர் வெயில் நாளிலேயே பல்லைக் கூச வைக்கும். அவள் மூச்சு ஒரு கணம் அடைத்தது. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"நின்னுருச்சு" என்றாள்.

"நின்னுருச்சுன்னு சொல்லக் கூடாது. ஆத்தா இறங்கிட்டான்னு சொல்லணும்" என்றாள் அக்கா.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை வரும். வரும்போதெல்லாம் செம்புத் தண்ணி, உடனே நிற்கும். லயத்தில் எல்லோரும் வந்து சுற்றி நிற்பார்கள். "யாரு வந்துருக்கது? சொல்லாத்தா" என்று கேட்பார்கள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பேசாத ஆத்தா என்று பெயர் வைத்தார்கள். மெட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மலையாளத்துச் சேச்சி கூட விபூதி வாங்கிப் போக வந்தது.

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. மறைக்க மாட்டேன். வெள்ளி தோறும் விரதம் இருக்கிற குடும்பம், கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் அடுப்படியில் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

"உங்க அக்கா இப்ப எனக்குக் காப்பி போட்டுக் குடுக்குறாக. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல இப்பத்தான்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா ஏங்க, எனக்கு யாரும் வந்த மாதிரி இல்ல."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"ஸ்டோருக்குள்ள குருவி பூந்துருச்சுன்னா, வெளிய போக வழி தெரியாம சுவத்துக்குச் சுவரு அடிச்சுக்கிருமே, அந்த மாதிரி இருக்கு. அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கு. நின்னே போயிருமோன்னு இருக்கு. சாமின்னா பயமா இருக்கக் கூடாதுல்ல?"

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். அப்போது அது சாதாரணமாக, நிதானமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிப்போனது.

போடியில் முதலில் பார்த்த வைத்தியர், "பயம்தான், சத்துக் குறைவு" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், இருதயப் படம் எடுக்கிற மிஷின் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப் போனேன். அக்காவிடம் சந்தைக்குப் போகிறோம் என்று பொய் சொன்னேன்.

ஈ.சி.ஜி. என்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒரு பெட்டி. அதிலிருந்து வயர்கள். கை ரெண்டிலும் கால் ரெண்டிலும் ஜெல்லி தடவித் தகடு வைத்து ரப்பர் வாரால் கட்டினார்கள். நெஞ்சில் ஒரு ரப்பர் குமிழை இடம் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். பெட்டிக்குள் சூடான ஒரு ஊசி. கட்டம் போட்ட காகிதம் அதற்குக் கீழே நகர்ந்துகொண்டே இருந்தது. ஊசி பட்ட இடம் கறுத்துக் கோடாக வந்தது. சூட்டில் எழுதுகிற வேலை என்பதால் எனக்கு அது உடனே பிடித்துப்போனது. மின்சாரம் உள்ளே விடுகிறார்களோ என்று பயந்து கேட்டேன்.

"உள்ள எதுவும் விடலை அய்யா. இருதயத்திலயே கொஞ்சம் மின்சாரம் இருக்கு. அதை இது வெளிய இருந்து கேட்டு எழுதுது" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தங்கை மாதிரி வயதுதான் இருக்கும்.

காகிதத்தை மேசையில் விரித்து எனக்குக் காட்டினார். முதலில் ஒரு சின்ன மேடு. அது இருதயத்தின் மேலறை சுருங்குவது. அடுத்து ஒரு உயரமான முள். அது கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது. அதற்குப் பின்னால் ஒரு தாழ்ந்த மேடு. அது கீழறை ஓய்வெடுத்து அடுத்த துடிப்புக்குத் தயாராவது. மேடு, முள், மேடு. மறுபடி மேடு, முள், மேடு. ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணச் சொன்னார். நான் எண்ணினேன். நாலு.

"காகிதம் நிமிசத்துக்கு முந்நூறு கட்டம் ஓடும். முந்நூறை நாலால வகுங்க."

"எழுபத்தஞ்சு."

"நிமிசத்துக்கு எழுபத்தஞ்சு தடவை அடிக்குது. அளவான ஓட்டம். இந்தப் படத்துல ஒரு குறையும் இல்ல."

என் வீட்டுக்காரி முகம் வாடிவிட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனாம்மா?" என்றாள்.

"இல்லம்மா. ஓடாதப்போ எடுத்த படத்துல ஓட்டம் தெரியாது. ஓடும்போது எடுக்கணும். அது எப்படி நிக்குது, தானா நிக்குதா?"

"தண்ணி ஊத்துவோம்" என்றேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எங்க ஊத்துவீங்க?"

"மூஞ்சில. ஓடைத் தண்ணி."

"ரொம்பக் குளிர்ந்திருக்குமா? ஊத்துனதும் டக்குன்னு நிக்குமா, கொஞ்சம் கொஞ்சமா அடங்குமா?"

"டக்குன்னு" என்றாள் அவள். "சுவிட்ச அமத்துன மாதிரி."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "உங்க வீட்டுல ஊத்துறது சரியான மருந்துதான். மூஞ்சில குளிர்ச்சி பட்டா ஒரு நரம்பு இருதயத்துக்கு பிரேக் போடும். ஆனா நீங்க வைத்தியம் பண்ணி நிறுத்தினப்புறம்தான் எங்கிட்ட வர்றீங்க. இது எந்த மாதிரி ஓட்டம்னு படம் இல்லாம நான் மருந்து எழுத முடியாது. சில ஓட்டம் சாது. சிலது ஆளைச் சாய்ச்சுரும். அடுத்த தடவை தண்ணி ஊத்தாம அப்படியே கொண்டாங்க. வாந்தி எடுத்தாலும் நின்னுரும், மூச்சைப் பிடிச்சு முக்குனாலும் நின்னுரும். ஆனா ஒண்ணு. மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, உடனே ஊத்திருங்க. எனக்குப் படத்தைவிட ஆள் முக்கியம்."

நாடி பார்க்கவும் அன்றே கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ரெண்டு விரலை வைத்துக் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது, அடிக்கு அடி இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னார். அந்த ரெண்டாவது பேச்சைத்தான் நான் பின்னால் விட்டுவிட்டேன்.

ஆத்தா வந்திருக்கும்போது தண்ணி ஊத்தாமல் ஜீப்பில் ஏற்றுவதா? அக்காவிடம் சொன்னபோது அவள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "வந்தவளுக்குக் குளிர்ச்சி குடுக்காம மலையை விட்டு இறக்குனா அவ கோபத்துக்கு யாரு பதில் சொல்றது? நீயா, அந்த டாக்டர்காரியா?" என்றாள். எனக்கும் அதே பயம்தான். அதற்கடுத்த தடவை நான் ஸ்டோரிலிருந்து ஓடுவதற்குள் அக்கா செம்பைக் கவிழ்த்து முடித்திருந்தாள். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எங்களில் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ரெண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று மனதில் வைத்தேன். அக்காவும் வந்து கைகட்டி நின்றாள். என் வீட்டுக்காரிதான் எடுத்தாள். பிரித்தேன். சிவப்பு.

அக்கா கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் ஜெயித்த சந்தோஷம் இல்லை என்று தெரிந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது என் வீட்டுக்காரி குனிந்து மற்ற பொட்டலத்தையும் எடுத்தாள். பிரித்து, வெள்ளைப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"என்னத்தா பண்ற?" என்றேன்.

"ரெண்டும் அவ காலடியில கெடந்ததுதானே. நீங்க கேட்டதுக்கு அந்தப் பூ. நான் கேட்டதுக்கு இந்தப் பூ."

"நீ என்ன கேட்ட?"

"என்னை விட்டுப் போகாத, கீழ வரைக்கும் கூட வான்னு கேட்டேன்."

அக்கா கல்லைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "அப்ப நானும் வர்றேன். செம்போட வர்றேன். உசுருக்கு ஒண்ணுன்னா ஊத்திருவேன், எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றாள். இப்படித்தான் முடிவானது.

கார்த்திகையில், மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவும்போது வந்தது. என் மைத்துனன், என் வீட்டுக்காரியின் தம்பி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டினான். நல்ல வேளை, லோடு இறக்கிவிட்டு லயத்து வாசலில் நின்றிருந்தான். ஏற்றினோம். அவளை முன்னால் நடுவில் உட்கார வைத்து, நான் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் அக்கா, மடியில் செம்பு, செம்பின் வாயில் வேப்பிலை.

மெட்டிலிருந்து போடிக்கு இறங்குகிற ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு என் கவலை புரியும். என் வீட்டுக்காரி அந்த வளைவுகளில் வாந்தி எடுக்காமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இல்லாவிட்டால் ஏறவே மாட்டாள். இன்று வாந்தி எடுத்தால் ஓட்டம் நின்றுவிடும். நின்றால் படம் இல்லை. கோயில் எலுமிச்சம் பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏப்பா, வெரசாப் போ" என்றாள் அக்கா.

"வெரசாப் போனா வாந்தி வருது. மெதுவாப் போனா உங்க செம்பு வருது. நான் எப்படித்தான் ஓட்டுறது மதினி?" என்றான் மைத்துனன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு மாப்ளே" என்றேன்.

"எக்கா, புளிச்சோறு, கருவாடு எதையும் நினைக்காத" என்றான் தன் அக்காவிடம்.

"நீ வாயை மூடுனாலே பாதி அடங்கும்டா" என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல்.

நான் எண்ணிப் பார்த்தேன். கால் நிமிஷத்தில் நாற்பதுக்கு மேல் போனது, அதற்கு மேல் விரலால் பிரிக்க முடியவில்லை. ஆனால் சீராக இருந்தது. ஒரு அடிகூடத் தவறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அக்கா முன்னால் குனிந்து, "ஏத்தா, ஊத்தவா?" என்பாள். இவள் வேண்டாம் என்று விரலை ஆட்டுவாள். பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ரோட்டில் தெறிக்கிற ஒரு இடம் உண்டு. அங்கே மைத்துனன் வண்டியை ஒதுக்கி ஓட்ட, நான் என் துண்டை அவள் முகத்துக்குக் குறுக்கே பிடித்தேன். மற்ற நாளில் ஓடித் தேடுகிற அதே தண்ணீருக்கு அன்று பயந்தோம்.

போடியில் டாக்டரம்மா அவள் கழுத்தைப் பார்த்தவுடனே தகடுகளைக் கட்டினார். ஊசி எழுத ஆரம்பித்தது. சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக முள், முள், முள். நடுவில் இருக்க வேண்டிய சின்ன மேட்டைக் காணோம். நான் எட்டி நின்றே எண்ணினேன். முள்ளுக்கு முள் ஒன்றரைக் கட்டம். முந்நூறை ஒன்றரையால் வகுத்தேன்.

"எரநூறாம்மா?"

"எரநூறுதான். ஆனா சீரா இருக்கு, முள்ளு ஒல்லியா இருக்கு. இது சாது" என்றார். என் வீட்டுக்காரி தோளைத் தட்டி, "நல்லா இருக்கு, கெட்டியா தாங்கிக்கிட்டு ஓட்டத்தை அப்படியே கொண்டு வந்துட்டீங்க" என்றார். பிறகு வாசலைப் பார்த்தார். அக்கா செம்போடு நின்றிருந்தாள்.

"பெரியம்மா, இங்க வாங்க. வயர் இருக்கு, ஊத்த வேணாம். அந்தத் தண்ணியில துணியை நல்லா நனைச்சு மூஞ்சி முழுக்க வைங்க. நீங்க எப்பவும் சொல்றதைச் சொல்லிக்கிட்டே வைங்க."

அக்கா துணியை நனைத்தாள். "ஆத்தா, குளிர்ந்து போ தாயி" என்று சொல்லி முகத்தில் வைத்தாள். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. முள், முள், முள். அப்புறம் ஒன்றும் இல்லை. காகிதம் நகர்ந்தது, கோடு நேராகப் போனது. வெறும் கோடு. கிட்டே போய் அவள் காலைப் பிடித்தேன், அதில் துடிப்பே தெரியவில்லை. நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. பிறகு ஒரு மேடு. ஒரு முள். ஒரு மேடு. கொஞ்சம் இடம் விட்டு, மறுபடியும்.

துணிக்குள்ளிருந்து அவள், "நின்னுருச்சு" என்றாள்.

அந்த வெறும் கோட்டின் நீளத்தைப் பின்னால் அளந்து பார்த்தேன். ஒரு தீக்குச்சி நீளம். ரெண்டு வினாடிகூட இல்லை.

அக்கா டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆத்தா இறங்கிட்டாளா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இருதயம் ஓடினதும் நின்னதும் இதுல எழுதியிருக்கு பெரியம்மா. யாரு வந்தா, யாரு போனான்னு எழுதுற மிஷின் இது இல்ல. அது உங்களுக்குத்தான் தெரியும்."

அந்தப் பதிலுக்காக அவரை நான் விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு விளக்கினார். எல்லோருக்கும் இருதயத்தில் மின்சாரம் மேலிருந்து கீழே இறங்க ஒரு வழிதான். இவளுக்குப் பிறவியிலேயே பக்கத்தில் இன்னொரு சின்ன வழி இருக்கிறது. சில நேரம் மின்சாரம் ஒரு வழியில் இறங்கி மற்ற வழியில் ஏறி, செக்கு மாடு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். குளிர்ச்சியோ முக்குவதோ அந்தச் சுற்றில் ஒரு இடத்தைக் கணநேரம் மறிக்கும். மாடு நின்றுவிடும். அன்றைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வந்தால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்து, பிள்ளை பெறும்போது முக்குகிற மாதிரி முக்கச் சொன்னார். திரும்பி ஏறும்போது முதல் வளைவிலேயே என் வீட்டுக்காரி வாந்தி எடுத்தாள். "இப்ப எடுத்துக்கக்கா, தாராளமா" என்றான் மைத்துனன். எல்லோரும் சிரித்தோம், அக்கா உட்பட.

மாத்திரை கேட்டது. வருவது குறைந்து, வருஷத்துக்கு ஒன்று ரெண்டு என்று ஆனது. விபூதிக்கு ஆள் வருவது தானாக நின்றது. ஆனால் அக்கா காப்பி போட்டுக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எப்போதோ எழுதியிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர், தோட்டத்தில் களை வெட்டுகிறவர். அவருக்கும் நெஞ்சு படபடக்கிறது என்று அவர் மனைவி மெட்டு டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னது. என்னை அண்ணே என்று கூப்பிடும். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் இருந்த காலம். "ஒண்ணும் பயப்படாத ஆத்தா. குளிர்ந்த தண்ணிய மூஞ்சில அடி, நின்னுரும். டாக்டரம்மாவே சொன்னாக" என்றேன். பஸ்சு வந்தது, ஏறிவிட்டேன். அவர் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. சீராக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

ரெண்டு நாள் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். நிற்கவில்லை. நான் சொன்னேனே என்று நம்பி மறுபடி மறுபடி அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் அவருக்கு வலது கை விழுந்தது. வாய் கோணியது.

அவருடைய ஈ.சி.ஜி.யை டாக்டரம்மா எனக்குக் காட்டினார். மேடு என்று ஒன்றும் இல்லை. முட்களுக்கு நடுவில் கோடு நடுங்கிக்கொண்டே போனது. ஒரு முள் ரெண்டு கட்டம் தள்ளி, அடுத்தது நாலில், அடுத்தது ஒன்றரையில். கயிறு பிடிக்காமல் கைக்கு வந்தபடி நட்ட நாற்று மாதிரி. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கினால் அங்கே ரத்தம் தேங்கி உறையும், அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்துவிடும் என்றார். இதற்குத் தண்ணீர் மருந்தே இல்லை. அன்றே கீழே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டேன். "செஞ்சிருக்கலாம்" என்றார். பொய் சொல்லவில்லை. பிறகு, "நீங்க அவங்ககிட்ட எவ்வளவு சொன்னீங்க?" என்றார்.

"பாதி" என்றேன்.

அவர் அந்தப் படத்தை மடித்து வைத்தார்.

அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆறேழு வருஷம் இருந்தார். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. நான் தினமும் வேலை முடிந்து போய் உட்காருவேன். இடது கையை நீட்டுவார். நான் நாடி பார்ப்பேன். ஒரு நாளும் அவர் முகத்தில் என்மேல் கோபத்தைப் பார்த்ததில்லை. அவர் மனைவியும் ஒரு சொல் குற்றமாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, கஞ்சி ஊட்டிக்கொண்டே, "அண்ணே, அன்னைக்கு நீங்க வந்து கையைப் பிடிச்சுப் பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீகல்ல?" என்று கேட்டது. அது சும்மா கேட்டதுதான். நான் "ஆமா ஆத்தா" என்றேன்.

என் வீட்டுக்காரிக்கு இப்போது பேரன் பேத்தி உண்டு. எப்போதாவது வரும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, தானே நிறுத்திக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன், என்னால் ஆவது அதுதான். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். செம்பு அம்மன் படத்துக்கு முன்னால் இருக்கிறது, தினமும் தண்ணீர் மாற்றுகிறோம். அன்றைக்கு அவளுக்கு எடுத்த ஈ.சி.ஜி. காகிதத்தில் கோடு மங்கி, இப்போது கட்டம்தான் தெரிகிறது. மங்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால், இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அந்தப் பெரியவருடையதையும் ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறேன். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் வைத்த மாதிரியே வைத்துச் சொல்லுங்கள். டாக்டர் ஆத்தாளை ஜெயித்தார் என்று சொல்ல வேண்டாம், ஆத்தா டாக்டரை ஜெயித்தாள் என்றும் வேண்டாம். இந்த வீட்டில் ரெண்டு பூவும் ஒருத்தி காலடியில் கிடந்ததுதான். தண்ணீரைச் சொன்னால் நாடியையும் சொல்லுங்கள். என் வீட்டுக்காரியைச் சொன்னால் நாலு வீடு தள்ளி இருந்தவரையும் சொல்லுங்கள். சீரில்லாமல் அடித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆள் மயங்கினாலோ, தண்ணீரைத் தேடாமல் வண்டியைத் தேடச் சொல்லுங்கள். முழுசும் சொல்ல நேரம் இல்லை, பஸ்சு வந்துவிட்டது என்றால், தயவுசெய்து அன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். அவர்கள் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.